பிரான்காச்சோவில் ஒரு குளிர்ந்த மத்தியானம்

“சிஞ்ஞோரா தொறினோவுக்குப் போறாவாம். இனி மகனோடைதானாம். என்னையும் வரட்டாம்.”

“எப்ப?”

“ஆவணி கடைசியிலை.”

“நீர் என்ன சொன்னனீர்?”

“அவரைக் கேட்டுச் சொல்லுறன் எண்டு சொன்னனான்.”

“என்னைக் கேட்க என்ன கிடக்கு? உமக்கு எது நல்லமோ அதைச் செய்யும்.”

நாகபூசணி கணவனுடைய முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, எலுமிச்சை ஐஸ் கரைந்துபோய்விட்டது என்று சொல்லி, கிண்ணத்தில் இருந்த மிச்சத்தை அவனிடம் கொடுத்துவிட்டு எழும்பினாள்.

அது ஆடி மாதத்து வியாழக்கிழமை. இத்தாலியின் பலெர்மோ நகரத்துக் கால்சாவில், கடலைப் பார்த்தபடி இருக்கும் கல் வாங்கு ஒன்றில் இருந்து கதைத்தது. மூன்று கிழமை கழித்து, அதே நகரின் பிரான்காச்சோவில் ஒரு வாகனத் திருத்தகத்தின் பின்முற்றத்தில் முழங்காலில் இருந்து ஜெனரேற்றரின் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தபோதும் இராஜதுரைக்கு அந்தக் கதைதான் திரும்பத் திரும்ப நினைவில் வந்தது. சொன்ன சொற்களை விட, அவள் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கொஞ்ச நேரம். போகவேண்டாம் என்று அவன் சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. வெறுங்கையோடு அதைச் சொல்ல அவனால் முடியவில்லை.

பலெர்மோவில் வீட்டோடு தங்கி வேலை செய்கிறவர்களுக்கு வாரத்தில் இரண்டு அரைநாள்தான் சொந்தம். வியாழன் பின்னேரம், ஞாயிறு பின்னேரம். அந்த இரண்டு பின்னேரங்களுக்குள்தான் எங்கள் சனம் கோயிலுக்குப் போனது, சாமான் வாங்கியது, கலியாணம் பேசியது, சண்டை பிடித்துச் சமாதானமும் ஆனது. இராஜதுரையும் நாகபூசணியும் குடும்பம் நடத்தியதும் அப்படித்தான். எண்பத்தைந்தில் கலியாணம். எண்பத்தேழில் அவன் வந்துவிட்டான். தொண்ணூற்றொன்றில் அவள் வந்து சேர்ந்தாள். வந்த இரண்டாம் கிழமையே லிபெர்த்தா வீதியில் ஒரு வயதான சிஞ்ஞோராவை, வீட்டுக்கார அம்மாவை, பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. சாப்பாடு, தங்குமிடம், பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி எல்லாம் அந்த வீட்டோடு. இராஜதுரை கால்சாவில் நான்கு ஆண்களோடு ஒரு அறையில் இருந்தான். நான்கு வருடமாக அவர்கள் சந்தித்துக்கொண்டது வீதி மூலையில், பஸ் தரிப்பில், பூங்கா வாங்கில், தெரிந்தவர்களின் வீட்டுக் குசினியில்.

இந்த வருடம் பங்குனியில்தான் அவனுக்கு ஓர் இடம் அமைந்தது. திருத்தகத்தின் முதலாளி மாஸ்த்ரோ வீத்தோவின் பின்முற்றத்தில் ஒரு காம்பர் வான் நின்றது. உள்ளே கட்டிலும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் உள்ள வான். திருத்தக் கொடுத்த மனுசன் செத்துப்போனான், பிள்ளைகள் தேடி வரவில்லை. கராஜுக்குக் காவலாகவும் இருக்கும் என்று வீத்தோ இராஜதுரையை அதில் படுக்கச் சொன்னார். இராஜதுரை அதை மூன்று நாள் கழுவினான். யன்னலுக்குச் சீலை தைப்பித்தான். ஒருவருக்கான கட்டிலை இருவருக்காக அகலப்படுத்தப் பலகை அடித்தான். அதைப் பற்றி நாகபூசணியிடம் எதுவும் சொல்லவில்லை.

ஆனி மாதத்தில் ஒரு ஞாயிறு அவளைக் கூட்டிவந்து காட்டினான். அவள் சீலையைத் தொட்டுப் பார்த்தாள். அடுப்பைத் திறந்து பார்த்து, “நல்ல துப்புரவு,” என்றாள். பத்து நிமிடத்தில் அவளுடைய சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. தகரக் கூரை நெருப்பாய் இருந்தது. அவள் வெளியே போய், நிழலில் கிடந்த ஒரு ரயரின் மேல் குந்தி, முந்தானையால் முகத்துக்கு விசிறிக்கொண்டாள். சிஞ்ஞோராவின் அறையில் ஏசி உண்டு. இராத்திரியில் கூப்பிட்டால் கேட்கவேண்டும் என்பதற்காக நாகபூசணியும் அதே அறையில்தான் படுப்பாள். குளிரில் உறங்கிப் பழகியவளை இந்தத் தகரத்துக்குள் வந்து இரும் என்று எந்த வாயால் கேட்பது?

வானின் கூரையிலும் ஒரு ஏசி இருந்தது. செத்துப்போன மனுசன் ஜேர்மனியில் வேலை செய்தவன். அங்கே வாங்கிப் பூட்டியது. அதை ஓட வைப்பது, ஓட வைத்துவிட்டு அவளைக் கேட்பது என்று அன்றே இராஜதுரை தீர்மானித்தான்.

கராஜின் கரண்டில் அது ஓடியது. ஆனால் ஆவணியில் வீத்தோ மனைவியின் ஊருக்குப் போகும்போது மெயினை அணைத்து, பெட்டியைப் பூட்டித் திறப்பைக் கொண்டுபோய்விடுவார். போன வருடம் பூட்டிக் கிடந்த கராஜில் வயர் எரிந்த பயம். நாகபூசணிக்கு லீவு கிடைப்பதோ அந்த ஆவணியில்தான். ஓகஸ்ட் பதினைந்தாம் திகதி, ஃபெர்ரகோஸ்தோ பெருநாளுக்கு, மத்தியானம் தொடக்கம் ஆறு மணி வரை.

ஜெனரேற்றரைக் கொடுத்தவன் மன்னார்ச் சூசைதாசன். கோயில் திருவிழாக்களில் பல்ப் மாலை கட்டுகிறவன். ஒரு சூட்கேஸ் அளவுதான், ஆயிரம் வாற். ஏசியின் தகட்டில் தொள்ளாயிரம் என்று போட்டிருந்ததால் போதும் என்று இராஜதுரை நம்பினான்.

போதவில்லை. விசிறி சுற்றியது, காற்று வந்தது. கொம்பிறஸர் எழும்புகிற அந்த நொடியில் ஜெனரேற்றர் ஒருமுறை செருமிவிட்டு நின்றது. திரும்ப இழுத்தான். திரும்ப நின்றது. சூசைதாசன் நிழலில் இருந்து தக்காளி தின்றுகொண்டே பார்த்தான். ஓடத் தொடங்கிவிட்டால் தொள்ளாயிரம்தான், ஆனால் தொடங்குவதற்கு அது மூன்று மடங்கு கேட்கும் என்று அவன் விளக்கினான்.

“கலியாணம் மாதிரித்தான் அண்ணை. தொடங்கத்தான் கரைச்சல்.”

“உமக்குக் கலியாணம் ஆகேல்லையே.”

“அதுதான் சொல்லுறன், நான் இன்னும் தொடங்கேல்லை.”

சூசைதாசன் பகிடி விட்டாலும் வேலைக்காரன். வானின் குளிர்சாதனப் பெட்டியையும் பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றும் பெட்டியையும் கழற்றிவிடச் சொன்னான். இரண்டும் சத்தமில்லாமல் கரண்டைக் குடித்துக்கொண்டிருந்தன. அடுத்த நாள், எறிந்த ஒரு ஃபிறிஜ்ஜிலிருந்து எடுத்த கப்பாசிற்றர் ஒன்றைக் கொண்டுவந்தான். கொம்பிறஸரை முதல் உந்தலில் தூக்கிவிட அது கை கொடுக்குமாம். இருவரும் கூரையில் ஏறி, சுட்ட தகரத்தில் ஈரச் சாக்கு விரித்து, அதில் இருந்து பூட்டினார்கள். பின்னேரம் ஆறு மணிக்கு கொம்பிறஸர் ஒரு உறுமலோடு எழும்பி, ஜெனரேற்றர் தாழ்ந்து, மூச்சுப் பிடித்து, நிமிர்ந்தது. வானுக்குள் குளிர் இறங்கியது. இராஜதுரை உள்ளே போய் நின்று கையை விரித்துப் பார்த்தான்.

“இனி அக்கா வந்து குந்த வேண்டியதுதான்,” என்றான் சூசைதாசன். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அண்ணை, கோவிக்காதையுங்கோ. இவ்வளவு பாடுபடுறியள். வாயைத் திறந்து இரும் எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் பெற்றோலும் மிச்சமெல்லோ?” என்றான்.

இராஜதுரை கோபிக்கவில்லை. குறடைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தான். சொல்ல முடியாததற்குக் காரணம் சூசைதாசனுக்குத் தெரியாது. அது இருவருக்கு மட்டும் தெரிந்தது. சிஞ்ஞோராவையும் சேர்த்தால் மூவருக்கு.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு மாசி மாதம் நாகபூசணிக்கு ஐந்து மாதம். கலியாணமாகி எட்டு வருடத்துக்குப் பிறகு. ஒரு திங்கட்கிழமை விடிய, சிஞ்ஞோராவின் குளியலறையில் அவள் விழுந்தாள். சிஞ்ஞோராதான் ரக்ஸி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா. எழுபத்தாறு வயதில் இரண்டு நாள் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தா. குழந்தை தங்கவில்லை.

இராஜதுரை இருந்த அறைக்கு ரெலிபோன் இல்லை. அந்த வியாழக்கிழமை அவன் வழக்கம்போல வீதி மூலையில், மருந்துக்கடைக்கு எதிரே நின்றான். கையில் அவள் ஆசைப்பட்ட புளிமாங்காய் ஊறுகாய்ப் போத்தல் ஒன்று; கொழும்பிலிருந்து வந்த ஒருவரிடம் கெஞ்சி வாங்கியது. இரண்டு மணித்தியாலம் நின்றான். வீட்டில் விருந்தாட்கள் போலும், விட மாட்டார்கள் என்று நினைத்து, கொஞ்சம் கோபத்தோடுதான் திரும்பிப் போனான். அவள் அப்போது முந்நூறு மீற்றர் தள்ளி, சிஞ்ஞோராவின் வீட்டு மாடியில் படுத்திருந்தாள்.

ஞாயிறு வந்தபோது அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன், “ஏன் எனக்குச் சொல்லியனுப்பேல்லை?” என்று கேட்டான்.

“எங்கை சொல்லியனுப்பிறது?” என்றாள்.

அவள் குறையாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அவளுக்குத் தெரியாமல் கேட்டது போலிருந்தது. அதுதான் அவனைக் கொன்றது. அன்றிலிருந்து அவளிடம் எதையும் கேட்கும் உரிமை தனக்கு இல்லை என்று அவன் தனக்குள் எழுதி வைத்துவிட்டான். பக்கத்தில் இருந்தவ சிஞ்ஞோரா. இப்போது அந்த மனுசி கூப்பிடும்போது, போகாதே என்று சொல்ல இவன் ஆர்? ஏதாவது கையில் வேண்டும். ஒரு இடம். அவள் வந்து படுக்கக்கூடிய, மூச்சு விடக்கூடிய ஒரு இடம்.

பதினைந்தாம் திகதி சிறொக்கோ அடித்தது. ஆபிரிக்காவிலிருந்து வரும் அந்தக் காற்று வந்தால் சுவரும் சுடும். வீதியில் ஒரு நாயும் இல்லை. பெருநாள் பஸ் ஒன்றைப் பிடித்து, பன்னிரண்டரைக்கு நாகபூசணி வந்து இறங்கினாள். இடியப்பமும் சொதியும் ஒரு ரிபன் கரியரில். சிஞ்ஞோராவின் குசினியில் விடிய நாலு மணிக்கு எழும்பி அவித்திருக்கிறாள்.

சாப்பிடும்போதே சொல்லிவிட்டாள். ரிக்கற் எடுத்தாயிற்று. இருபத்திமூன்றாம் திகதி, வடக்கே தொறினோவுக்கு இரவு ரயில். இரண்டு ரிக்கற், சிஞ்ஞோராவுக்கும் அவளுக்கும்.

“நீர் ஓம் எண்டு சொன்னனீரே?”

“நான் ஓம் எண்டும் சொல்லேல்லை, இல்லை எண்டும் சொல்லேல்லை. அவ எடுத்திட்டா.”

இராஜதுரை இடியப்பத்தைப் பிசைந்தபடி இருந்தான். இப்போது கேட்கலாம் என்று நினைத்தான். அவளுடைய கழுத்தில் வியர்வை ஓடுவதைக் கண்டான். முதலில் குளிர், பிறகு கேள்வி.

“உள்ளுக்கை வந்து இரும். ஒண்டு காட்டுறன்,” என்றான்.

விசிறியைப் போட்டான். ஒரு நிமிடம் விட்டு கொம்பிறஸரைத் தட்டினான். அது எழும்பியது. நாகபூசணி மேலே பார்த்தாள். குளிர் முகத்தில் பட்டதும் கண்ணை மூடிக்கொண்டாள். அவனுக்கு நெஞ்சு நிறைந்தது. வாயைத் திறந்தான். திறந்தவுடன் பின்னால் ஜெனரேற்றர் இழுத்து இழுத்து இருமி, நின்றுபோனது.

அவன் ஓடினான். கயிற்றை இழுத்தான். கொதிக்கும் எஞ்சின் நாலாம் இழுவையில் எழும்பியது. ஐந்து நிமிடத்தில் மறுபடி நின்றது. பெற்றோல் இருந்தது. ஒயில் இருந்தது. பிளக்கைக் கழற்றித் துடைத்தான். கை சுட்டது. நேற்றுப் பின்னேரம் ஓடியதே, நேற்று ஓடியதே என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். மூன்றாம் தரமும் அது நின்றபோது அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. வியர்வை என்பதுபோல் முழங்கையால் துடைத்தான்.

நாகபூசணி வந்து பக்கத்தில் நின்றாள்.

“இதை ஏன் கிடங்குக்குள்ளை வைச்சிருக்கிறியள்?”

அவன் குனிந்து பார்த்தான். மதிலோரம் முழங்கால் ஆழத்துக்குக் கிடங்கு வெட்டி, அதற்குள் ஜெனரேற்றரை இறக்கி, மேலே பலகை வைத்து, நனைத்த சாக்கால் மூடியிருந்தான். அதை அவன் யோசித்துச் செய்யவில்லை. ஊரில் அவன் ரிவி, வீடியோ டெக், ஜெனரேற்றர் வாடகைக்கு விட்டவன். கலியாண வீடு, சாமத்திய வீடு என்று கொண்டுபோய்ப் படம் போடுவான். எந்த வளவுக்குப் போனாலும் முதல் வேலை கிடங்கு வெட்டுவதுதான். இல்லாவிட்டால் எஞ்சின் சத்தத்தில் வசனம் கேட்காது. பிறகு வானத்தில் இராணுவ ஹெலி சுற்றத் தொடங்கிய காலத்தில் கிடங்கு இன்னும் ஆழமானது, அதன் மேல் நனைத்த சாக்கு வந்தது. ஜெனரேற்றர் என்றால் கிடங்கு. அவனுடைய கைக்கு அப்படித்தான் தெரியும். சூசைதாசனும் ஊர்க்காரன்; அவனும் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

“சத்தம் கேட்குமெல்லே,” என்றான்.

“ஆருக்கு? இஞ்சை ஹெலி வராது. சனமும் கடற்கரைக்குப் போட்டுது.” அவள் சாக்கை ஒரு மூலையில் தூக்கிப் பார்த்துவிட்டுக் கையை உதறினாள். “மூச்சு விட ஏலாமல் கிடக்கு, பாவம். தன்ரை புகையைத் தானே குடிச்சுக்கொண்டு.”

ஒரு ரிவியையும் டெக்கையும் கிடங்குக்குள் இருந்தபடி ஓட்ட ஜெனரேற்றருக்குக் காற்று அதிகம் தேவையில்லை. இங்கே, நாற்பது பாகை வெயிலில், தன் முழுப் பலத்தோடு ஒரு கொம்பிறஸரை இழுக்கிறது. நேற்றுப் பின்னேரத்துக் குளிர்ச்சியில் தப்பியது. இவ்வளவும் இராஜதுரைக்கு ஒரு நொடியில் விளங்கியது. எத்தனை இரவு எத்தனை வளவில் எஞ்சினோடு காய்ந்தவன் இதை யோசிக்காமல் விட்டானே என்று வெட்கமாய் இருந்தது.

இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். முற்றத்தின் மறு கரையில், காற்று வரும் இடத்தில், வானுக்குப் புகை போகாதபடி திருப்பி வைத்தார்கள். சூடு ஆறட்டும் என்று அரை மணித்தியாலம் நிழலில் ரயர்களின் மேல் இருந்தார்கள். அவள் தன் கையில் பட்ட கரியைப் பார்த்துச் சிரித்தாள். சிஞ்ஞோராவின் வீட்டில் இது தெரிந்தால் கையை லெமன் போட்டுத் தேய்க்க விடுவா என்று சொன்னாள். அவனுக்கும் சிரிப்பு வந்தது. இப்படிச் சேர்ந்து ஒரு வேலை செய்து எவ்வளவு காலம் என்று அவன் நினைத்துப் பார்த்தான். ஒரு வேலையும் நினைவில் வரவில்லை.

இரண்டரை மணிக்கு இழுத்தான். விசிறி. ஒரு நிமிடம். கொம்பிறஸர். ஜெனரேற்றர் தாழ்ந்து, நிமிர்ந்து, திறந்த வெளியில் ஊரையே எழுப்புகிற மாதிரிக் கத்திக்கொண்டு ஓடத் தொடங்கியது. பத்து நிமிடம். கால் மணி. நிற்கவில்லை.

நாகபூசணி செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் சரிந்தாள். அவன் ஏதோ சொன்னான். அவள் கேட்கவில்லை என்று காதைக் காட்டினாள். அவன் அருகில் இருந்து திரும்பச் சொல்வதற்குள் அவளுக்குக் கண் செருகிவிட்டது. விடிய நாலு மணிக்கு எழும்பியவள்.

அவன் கால்மாட்டில் இருந்து அவளைப் பார்த்தான். பத்து வருடக் கலியாணத்தில் அவளைப் பகலில் நித்திரையில் பார்த்த நினைவு அவனுக்கு இல்லை. காதோரத்தில் நரை வந்திருந்தது. அது எப்போது வந்தது என்று அவனுக்குத் தெரியாது. வியாழன், ஞாயிறு தவிர்ந்த ஏதோ ஒரு நாளில் வந்திருக்கும். வலது கையின் விரல்கள் வெளுத்து, நகத்தோரம் தோல் உரிந்து கிடந்தன. அவள் தூக்கத்தில் ஒருமுறை இத்தாலியனில் “வருகிறேன், வருகிறேன்” என்று முனகினாள். சிஞ்ஞோராவுக்கு.

அவளை எழுப்ப மனம் வரவில்லை. வெளியே வந்து ஜெனரேற்றருக்குக் காவல் இருந்தான். ஒருமுறை அதை நிறுத்தி, ஆறவிட்டு, பெற்றோல் ஊற்றி, திரும்ப ஓடவிட்டான். சத்தம் தலைக்குள் இறங்கி அங்கேயே இருந்தது. நாலரை மணி ஆனது. ஐந்து ஆனது. ஐந்தரைக்குப் பஸ்.

வானின் கதவு திறந்தது. நாகபூசணி முகம் கழுவி, தலை வாரி, ரிபன் கரியரைக் கையில் எடுத்தபடி படியில் நின்றாள். நித்திரையால் முகம் வீங்கி, பத்து வயது குறைந்தவள்போல் இருந்தாள். அவளுடைய உதடு அசைந்தது. அவனுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. அவன் அசையாமல் நின்றான். அவள் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள். அதுவும் எஞ்சினுக்குள் போய்விட்டது. மூன்றாம் தரம் அவள் சொல்லவில்லை. மணிக்கூட்டைக் காட்டினாள். பிறகு அன்று கடற்கரையில் பார்த்தாளே, அந்த மாதிரி அவனைப் பார்த்தாள்.

இராஜதுரை குனிந்து எஞ்சினை நிறுத்தினான்.

சத்தம் போன இடத்தில் முதலில் ஒன்றும் இருக்கவில்லை. பிறகு தகரம் சுடத் தொடங்கும் சின்னச் சின்ன ஒலி. திறந்திருந்த கதவால் அவ்வளவு நேரம் சேர்த்த குளிர் அவளைத் தாண்டி வெளியே வந்து வெயிலில் கலந்தது.

“நேரமாச்சு எண்டனான்,” என்றாள். “ஏன் நிப்பாட்டினீங்கள்? நல்லாய்த்தானே ஓடிச்சுது.”

அவன் இரண்டு அடி வைத்துப் படிக்குக் கீழே வந்து நின்றான். கையெல்லாம் எண்ணெய். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. ஏசி ஓடும்போது கேட்பதற்கென்று பல நாளாக அடுக்கி வைத்திருந்த வசனங்கள் இருந்தன: பெர்மெஸ்ஸோவை மணித்தியால வேலை செய்தும் புதுப்பிக்கலாம், வீத்தோ மழைக்காலம் வரை வானில் இருக்க விடுவார், பிறகு ஒரு அறை பார்க்கலாம். ஒன்றும் வாயில் வரவில்லை.

“அந்த வியாழக்கிழமை நான் மருந்துக்கடைக்கு முன்னாலை நிண்டனான்,” என்றான். “மேலை ஏறி வந்து மணி அடிச்சிருக்க வேணும். அடிக்கேல்லை.”

அவள் ரிபன் கரியரைப் படியில் வைத்தாள்.

“எனக்குக் கேட்க ஒரு தகுதியும் இல்லை, நாகு. தரவும் ஒண்டும் இல்லை. இது இன்னும் அரை மணித்தியாலத்திலை திரும்ப நெருப்பாய்க் கிடக்கும்.”

அவள் படியிலேயே காத்திருந்தாள்.

“போகாதையும்,” என்றான் இராஜதுரை. “என்னோடை இரும்.”